யார்க் நகரில் பேய் நடை: போனைத் துணையாக வைத்துத் தனியாகச் சுற்றிவர முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில் உள்ள யார்க்கில் இருட்டிவிட்டால், ஏதாவது ஒரு தெருமுனையில் உயரத் தொப்பியும் நீளக் கறுப்புக் கோட்டும் போட்ட ஒருவர் ஒரு கூட்டத்தை நிறுத்திவைத்துக் கதை சொல்லிக்கொண்டிருப்பார். இப்படிப் பேய்க்கதை சொல்லிக்கொண்டே ஊரைச் சுற்றிக்காட்டுவதற்குப் பேய் நடை என்று பெயர். 1973-இல் தொடங்கிய பேய் நடை ஒன்று, உலகத்திலேயே முதல் பேய் நடை தங்களுடையதுதான் என்று சொல்லிக்கொண்டு இன்றும் நடக்கிறது. அவர்களோடு போவதில் தவறே இல்லை. ஆனால் வேகமான யார்க்‌ஷர் ஆங்கிலம் எல்லோருக்கும் பிடிபடாது. கூட்டத்தின் பின்வரிசையில் நின்றால் பாதி காதில் விழாது. கைக்குழந்தையோ மூட்டுவலிக்காரரோ கூட இருந்தால் நடுவில் உட்காரவும் முடியாது. போனில் கேட்டுக்கொண்டு நாமே நடந்தால் இந்த மூன்று தொல்லையும் இல்லை. வேண்டுமானால் கதையைத் தமிழிலேயே கேட்கலாம்.

போனை நம்பிப் போகிறவர்களின் நடை பெரும்பாலும் பாதியில் நிற்பது இரண்டு காரணங்களால்தான்: பேட்டரி, ஜி.பி.எஸ். இரண்டையும் பகலிலேயே சரிசெய்துவிட வேண்டும். இரவில் நடப்பதும் கேட்பதும் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும்.

எந்த நாள், எத்தனை மணி

யார்க் வெகு வடக்கே இருப்பதால் பருவத்துக்குப் பருவம் இருட்டும் நேரம் தலைகீழாக மாறும். ஜூன் கடைசியில் சூரியன் மறைய இரவு 9.40 ஆகும், சரியான இருட்டு 10.30-க்கு மேல்தான். டிசம்பர் நடுவில் மாலை 3.40-க்கே சூரியன் போய்விடும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் திருப்புவார்கள்; முந்தைய நாள் 5.40 வாக்கில் மறைந்த சூரியன் மறுநாள் 4.40-க்குள் மறைந்துவிடும். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நவம்பர், பிப்ரவரி இரண்டின் முதல் பாதிதான் தோது. மாலை 6 மணிக்கே முழு இருட்டு, தெருவிலும் நெரிசல் குறைவு. அக்டோபர் கடைசியில் ஹாலோவீன் கூட்டமும், நவம்பர் நடுவிலிருந்து டிசம்பர் வரை கிறிஸ்துமஸ் சந்தைக் கூட்டமும் ஷாம்பிள்ஸ் தெருவில் நிற்கவே இடம் விடாது.

சனிக்கிழமை இரவைத் தவிர்த்துவிடுங்கள். நடை தொடங்கும் மிக்கிள்கேட் தெரு, ஒரு மதுக்கடையிலிருந்து அடுத்ததற்கு என்று கூட்டம் கூட்டமாக இறங்கிவருகிறவர்களுக்குப் பேர்போனது. குதிரைப் பந்தய நாட்களிலும் அப்படித்தான். ஞாயிறு முதல் புதன் வரை அமைதியாக இருக்கும். வழிகாட்டிகளோடு நடக்கும் குழுக்கள் பெரும்பாலும் 7.30, 8 மணிக்குக் கிளம்பும். நீங்கள் 6 மணிக்கோ 9 மணிக்கோ கிளம்பினால் அவர்கள் மேல் மோத வேண்டியிருக்காது.

ஆயத்தச் செயலியா, சொந்தத் தயாரிப்பா

ஆயத்தமாகக் கிடைப்பதில் இரண்டு வகை. ஒன்று, நீங்கள் ஓர் இடத்தை நெருங்கியதும் ஜி.பி.எஸ். பார்த்துத் தானாகக் கதையைத் தொடங்கும் ஒலிச் சுற்றுலா. வாய்ஸ்மேப், இஸி டிராவல் இரண்டும் இந்த வகை. இன்னொன்று, கேமராவைத் தெருவின் மேல் பிடித்தால் திரையில் உருவம் தோன்றும் வகை. இரண்டாவதை இரவு நடைக்கு வாங்காதீர்கள். தரை எங்கே, சுவர் எங்கே என்று கண்டுபிடிக்கக் கேமராவுக்கு வெளிச்சம் வேண்டும்; மங்கலான சந்தில் உருவம் அந்தரத்தில் வழுக்கிக்கொண்டே போகும். கேமரா, திரை, ஜி.பி.எஸ். மூன்றும் சேர்ந்து பேட்டரியையும் குடித்துவிடும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் நான்கு விஷயங்களைப் பாருங்கள். முழுச் சுற்றுலாவையும் வரைபடத்தோடு டவுன்லோடு செய்ய முடியுமா? ஜி.பி.எஸ். தவறினால் நிறுத்தத்தைக் கையால் தொட்டு ஓட்ட முடியுமா? திரை அணைந்த பிறகும் பேசுமா? கடைசியாக, தொடங்கும் இடமும் முடியும் இடமும் எங்கே? தொடங்கிய இடத்துக்கே திரும்பி வராத நடைகள் பல உண்டு.

தமிழில் வேண்டுமென்றால் நாமேதான் செய்துகொள்ள வேண்டும். இரண்டு மாலை ஒதுக்கினால் போதும். கணினியில் கூகுள் மை மேப்ஸ் திறந்து, கீழே சொல்லும் நிறுத்தங்களை வரிசையாகக் குறியிட்டு, கே.எம்.எல். கோப்பாக (வரைபடக் குறிகளைச் சேமிக்கும் கோப்பு வகை) இறக்குங்கள். மை மேப்ஸில் செய்த வரைபடம் நெட் இல்லாமல் கூகுள் மேப்ஸில் தெரியாது. பலர் அங்கே போன பிறகுதான் இதைக் கண்டுபிடிக்கிறார்கள். அதனால் அந்தக் கோப்பை ஆர்கானிக் மேப்ஸ் செயலிக்குள் திறந்து, யார்க் பகுதி வரைபடத்தையும் அதிலேயே இறக்கிவிடுங்கள். அது நெட் இல்லாமலே வேலை செய்யும், யார்க்கின் ஒற்றையடிச் சந்துகளையும் காட்டும்.

ஒலிப்பதிவுக்குப் போனில் உள்ள ரெக்கார்டரே போதும். துணி நிறைந்த அலமாரியின் முன்னால் உட்கார்ந்து, வாய்க்கும் போனுக்கும் ஒரு சாண் இடைவெளி விட்டுப் பேசுங்கள், எதிரொலி வராது. ஒரு நிறுத்தத்துக்கு இரண்டு நிமிடம், மிஞ்சினால் மூன்று. குளிரில் நின்றுகொண்டு அதற்கு மேல் கேட்க யாருக்கும் பொறுமை இருக்காது. கதையைத் தனிக் கோப்பாகவும், "அடுத்து எப்படிப் போவது" என்பதைத் தனிக் கோப்பாகவும் வையுங்கள். இரண்டையும் ஒன்றாக்கினால், வழி மறந்துபோனவர் கதையையும் முதலிலிருந்து கேட்டாக வேண்டும். கோப்புப் பெயரை 01, 02 என்று எண்ணில் தொடங்குங்கள். 1, 2 என்று வைத்தால் சில பிளேயர்கள் 1-க்கு அடுத்ததாக 10-ஐ ஓட்டிவிடும்.

எழுதும்போது ஒரு கட்டுப்பாடு வேண்டும். ஆவணத்தில் உள்ளதை முதலில் சொல்லுங்கள், பிறகு "சொல்கிறார்கள்" என்று கதைக்குள் போங்கள். யார்க்கில் உண்மையாக நடந்ததே போதுமான அளவு பயங்கரம். இரண்டையும் கலந்தால் கேட்பவர் இரண்டையுமே நம்ப மாட்டார்.

போனைத் தயார்செய்வது

ஆண்ட்ராய்டு போன்களில், திரை அணைந்த சில நிமிடங்களில் பின்னணியில் ஓடும் செயலிகளைத் தூங்கவைக்கும் வழக்கம் உண்டு. ஒலிச் சுற்றுலா நடுவில் ஊமையாகிவிட முக்கியமான காரணம் இதுதான். அந்தச் செயலியின் பேட்டரி அமைப்புக்குப் போய், கட்டுப்பாட்டை முழுக்க எடுத்துவிடுங்கள். ஐபோனில் லொகேஷன் அனுமதிக்குள் "துல்லிய இருப்பிடம்" ஆன் ஆகியிருக்க வேண்டும். இரண்டிலும் பேட்டரி சேமிப்பு முறை அணைந்திருக்கட்டும். வை-ஃபை எதிலும் இணையாவிட்டாலும் ஆன் செய்தே வையுங்கள். சுற்றியுள்ள கடைகளின் வை-ஃபை சிக்னலை வைத்தும் போன் தன் இருப்பிடத்தைத் திருத்திக்கொள்ளும்.

பூஜ்யம் டிகிரியை ஒட்டிய குளிரில் லித்தியம் பேட்டரியின் திறன் சட்டென்று குறையும். 30 சதவீதம் காட்டிக்கொண்டிருந்த போன் திடீரென்று அணைந்துபோகும். சட்டைப்பையில் சூடானதும் மறுபடி உயிர் வரும். ஆகையால் போன் கோட்டுக்கு உள்பையில் இருக்க வேண்டும். 10,000 எம்.ஏ.எச். பவர் பேங்க் ஒன்று போதும். மின்னழுத்த மாற்றத்தில் இழப்பு போக அதிலிருந்து போனுக்கு ஏறுவது சுமார் 6,000 மட்டுமே. விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். பிரிட்டனில் பிளக் சதுர மூன்று முள். சிங்கப்பூர், மலேசியாவிலிருந்து போகிறவர்களுக்குக் கவலையில்லை; இந்தியாவிலிருந்து போகிறவர்கள் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.

இயர்போன் ஒரு காதில் மட்டும். இன்னொரு காது வண்டிக்கும் சைக்கிளுக்கும். பகலில் வண்டி வராத தெருக்கள் சிலவற்றில் மாலைக்கு மேல் வண்டி விடுவார்கள் என்பதால், நம் பாதையில் வரும் குட்ராம்கேட் தெருவில் இது வெறும் எச்சரிக்கை அல்ல. பட்டன் வைத்த இயர்போனாக இருந்தால் நல்லது; மழைத்துளி பட்ட திரை விரலுக்கு அடங்காது, கையுறை போட்ட விரலுக்கு அதைவிட மோசம்.

பாதை

மொத்தம் சுமார் 2 கிலோமீட்டர். நிற்காமல் நடந்தால் அரை மணி. கதை கேட்டுக்கொண்டு போனால் ஒன்றரை மணி. முடிந்தால் அன்று பகலில் ஒருமுறை பேசாமல் நடந்து பாருங்கள். எங்கே நிற்கலாம், எங்கே நின்றால் வழி மறிக்கும் என்பது அப்போது தெரியும். நகர மதில் மேல் போகும் பாதையை இரவுத் திட்டத்தில் சேர்க்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் அதைப் பூட்டிவிடுவார்கள்.

*மிக்கிள்கேட் கோட்டைவாசல்.* ரயில் நிலையத்திலிருந்து 10 நிமிட நடை. வாசலுக்கு வெளியே திறந்த வானத்தின் கீழ் நின்று வரைபடத்தைத் திறந்து, நீலப் புள்ளி உங்கள் மேல் வந்து உட்காரும்வரை காத்திருங்கள். சந்துக்குள் போய் முதன்முதலாகச் சாட்டிலைட் தேடினால் நேரம் எடுக்கும், தப்பாகவும் காட்டும். லண்டன் பக்கமிருந்து வருகிறவர்கள் இந்த வாசல் வழியாகத்தான் நுழைவார்கள். அதனால்தான் துரோகிகளின் தலைகளை இதன் மேல் குத்திவைத்தார்கள். 1460 டிசம்பர் 30-ஆம் தேதி வேக்ஃபீல்டு போரில் விழுந்த யார்க் கோமகன் ரிச்சர்டின் தலையும் இங்கே இருந்தது. இந்த நடைக்கு நூல் பிடித்துக்கொடுக்கும் தலை வேறு ஒருவருடையது: நார்த்தம்பர்லாண்டின் 7-ஆவது ஏர்ல் (பிரபுப் பட்டம்), தாமஸ் பெர்சி. 1569-இல் முதலாம் எலிசபெத் அரசிக்கு எதிரான வடக்குக் கிளர்ச்சியை முன்னின்று நடத்திய கத்தோலிக்கர். அவருடைய தலை இந்த வாசல் மேல் ஏறியதோடு இந்தப் பதிவை நிறுத்திவிடுங்கள். மீதி பின்னால் வருகிறது.

*ஊஸ் பாலம்.* சரிவில் நேராக இறங்கினால் ஆறு. பாலத்தின் மிக்கிள்கேட் பக்கம் மார்கரெட் கிளித்தரோ நினைவுப் பலகை இருக்கிறது. ஷாம்பிள்ஸ் தெருக் கசாப்புக்கடைக்காரரின் மனைவி. கத்தோலிக்கப் பாதிரியார்களுக்கு அடைக்கலம் கொடுத்ததாகக் குற்றச்சாட்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளவோ மறுக்கவோ அவர் மாட்டேன் என்றார். வாய் திறக்காதவர்களுக்கு அன்றைய சட்டம் வைத்திருந்த தண்டனைப்படி, 1586 மார்ச் 25 அன்று இங்கே இருந்த கட்டடத்தில் கதவுப்பலகை போட்டு மேலே பாரம் ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். 1970-இல் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இங்கே பேய்க்கதை எதுவும் சேர்க்க வேண்டாம். இந்த நிறுத்தத்தை வரலாற்றோடு விட்டுவிடலாம். பாலத்துக்குக் கீழே இறங்கி ஆற்றோரமாகப் போகும் ஆசையும் வேண்டாம். கிங்ஸ் ஸ்டெய்த் கரை வருடத்தில் பலமுறை வெள்ளத்தில் மூழ்கும். வடிந்த பிறகும் வண்டல் வழுக்கும்.

*பேவ்மென்ட்.* பாலத்தைத் தாண்டி நேராகப் போனால் விளக்குக்கூண்டு போன்ற கோபுரத்தோடு ஆல் செயின்ட்ஸ் தேவாலயம் தெரியும். பெர்சியின் தலையை வெட்டியது இந்தத் தெருவில், 1572 ஆகஸ்ட் 22. உடலைப் புதைத்த செயின்ட் குரூக்ஸ் தேவாலயத்தை 1880-களில் இடித்துவிட்டார்கள். அதன் மிச்சமாக ஒரு மண்டபம் ஷாம்பிள்ஸ் முனையில் நிற்கிறது. எதிரே ஒடுங்கிய முகப்போடு இருப்பது கோல்டன் ஃபிளீஸ் விடுதி. யார்க்கிலேயே அதிகம் பேய் நடமாடும் மதுக்கடை என்று தன்னைப் பற்றி அதுவே சொல்லிக்கொள்ளும். மேயராக இருந்த ஜான் பெக்கெட்டின் மனைவி படிக்கட்டில் ஏறி இறங்குகிறாளாம். பக்கத்துச் சந்துக்கே லேடி பெக்கெட்ஸ் யார்டு என்றுதான் பெயர்.

*ஷாம்பிள்ஸ்.* உங்கள் ஜி.பி.எஸ். தோற்பது இங்கேதான். மேல்மாடிகள் தெருவின் மேல் சாய்ந்து, வானம் ஒரு கீற்றாகத்தான் தெரியும். சாட்டிலைட் அலைகள் நேராக வராமல் சுவரில் பட்டுத் தெறித்து வருவதால், திறந்த வெளியில் 5 மீட்டர் துல்லியம் காட்டிய போன் இங்கே 20, 30 மீட்டர் தவறும். புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவிக் குதிக்கும். அடுத்த நிறுத்தத்தின் கதை முன்கூட்டியே தொடங்கினால் பதறாமல் நிறுத்திவிட்டு, இந்த நிறுத்தத்தைக் கையால் தொட்டு ஓட்டுங்கள். கதை தானாகத் தொடங்கும் தூண்டுபுள்ளியை நீங்களே வைப்பதானால், தெருவுக்குள் வைக்காமல் நுழையும் முனையில் வையுங்கள். வட்டத்தின் ஆரம் 25 மீட்டருக்குக் குறையக் கூடாது. கசாப்புக்கடைகளின் தெருவாக இருந்ததன் அடையாளமாகக் கடை முகப்புகளில் அகலமான பலகைத் திண்டும் இறைச்சி மாட்டும் கொக்கியும் இன்னும் இருக்கின்றன. டார்ச் அடித்து மேலே பாருங்கள். ஜன்னலுக்குள் மட்டும் அடிக்காதீர்கள். கிளித்தரோவின் நினைவாலயம் 35-ஆம் எண் வீட்டில். அவர் வாழ்ந்த வீடு எதிர்ச்சாரியில் இருந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

*ஹோலி டிரினிட்டி, குட்ராம்கேட்.* தெரு முடிந்து கிங்ஸ் ஸ்கொயர் வந்ததும் வானம் திறக்கும், புள்ளியும் சரியான இடத்துக்கு வந்துவிடும். குட்ராம்கேட்டில் திரும்பினால் இடப்பக்கம் 14-ஆம் நூற்றாண்டின் தாழ்ந்த வீட்டு வரிசை. அதையொட்டிச் சின்ன வளைவு வாசல். உள்ளே இருக்கும் தேவாலயத் தோட்டத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள், ஆகவே இரவில் கம்பிக்கு வெளியேதான் நிற்க முடியும். கோட்டைவாசலில் இருந்த பெர்சியின் தலையை யாரோ இரவோடு இரவாக எடுத்துவந்து இங்கே புதைத்தார்களாம். தலையில்லாத உருவம் ஒன்று அதைத் தேடிக் கல்லறைகளுக்கு நடுவே தடுமாறுகிறதாம். தலை வெட்டப்பட்டது ஆவணம், வாசலில் வைத்தது ஆவணம். இங்கே புதைத்தது செவிவழிக் கதை. உடல் ஓரிடத்தில், தலை சில நிமிட நடையில் இன்னோரிடத்தில் என்று நம் காலாலேயே அளந்துவிட்ட பிறகு, இந்தக் கதை பிடிக்கிற பிடி தனி. நடையை மிக்கிள்கேட்டில் தொடங்கச் சொன்னது இதற்காகத்தான்.

*டிரெஷரர்ஸ் ஹவுஸ்.* காலேஜ் ஸ்ட்ரீட் வழியாக மின்ஸ்டர் பேராலயத்தின் கிழக்கு முனைக்கு வந்து, வலப்பக்கம் சாப்டர் ஹவுஸ் ஸ்ட்ரீட் முனையில் நில்லுங்கள். யார்க்கின் பேர்பெற்ற பேய்ச் சாட்சியம் இந்த வீட்டின் நிலவறையிலிருந்து வந்தது. 1953-இல் சூடேற்றும் குழாய் பதித்துக்கொண்டிருந்த ஹாரி மார்ட்டிண்டேல் என்ற இளம் தொழிலாளி, ஊதுகொம்புச் சத்தம் கேட்டதாகவும், சுவருக்குள்ளிருந்து குதிரை ஒன்றும் பின்னால் களைத்துப்போன ரோமானிய வீரர்களும் வந்ததாகவும் சொன்னார். அவர்களுக்கு முழங்காலுக்குக் கீழே எதுவும் தெரியவில்லை. பழைய ரோமானியச் சாலையைத் தோண்டியிருந்த பள்ளத்தை மிதித்தபோதுதான் பாதம் தெரிந்ததாம். கேலிக்குப் பயந்து பல வருடம் வெளியே பேசாமல் இருந்தவர், பிறகு காவல்துறையில் பணியாற்றினார். 1970-களில்தான் கதை வெளியே பரவியது. கி.பி. 71-இல் ஒன்பதாம் லீஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவு கட்டிய கோட்டைக்குள்தான் இந்த இடம் அடங்கும் என்பதும், நிலவறைக்கு அடியில் சாலை இருப்பதும் உண்மை. உங்கள் பதிவில் இந்த நிறுத்தத்துக்கு மட்டும் மூன்று நிமிடம் கொடுங்கள். வீடு, பழைய கட்டடங்களைப் பராமரிக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் கையில் இருக்கிறது. உள்ளே பார்க்க வேண்டுமானால் பகலில், திறந்திருக்கும் நாளைப் பார்த்துப் போக வேண்டும். சாப்டர் ஹவுஸ் ஸ்ட்ரீட் உருளைக்கல் பாவிய தெரு, சக்கர நாற்காலிக்குச் சிரமம். சுற்றிலும் மக்கள் குடியிருக்கிறார்கள், ஸ்பீக்கரில் ஓட்டாதீர்கள்.

*ஸ்டோன்கேட்.* மின்ஸ்டரின் தெற்குப் பக்கம் சுற்றி வந்தால், 306-இல் இந்த ஊரில் பேரரசராக அறிவிக்கப்பட்ட கான்ஸ்டன்டைன் வெண்கலச் சிலையாக உட்கார்ந்திருப்பார். அவருக்கு எதிரே மின்ஸ்டர் கேட்ஸ் வழியாக இறங்கினால் ஸ்டோன்கேட். 33-ஆம் எண் கட்டடத்தின் மூலையில் கொம்பு வைத்த சிவப்புக் குட்டிச்சாத்தான் ஒன்று சங்கிலியோடு உட்கார்ந்திருக்கும். பேய் நடைக்காரர்கள் எல்லாரும் படம் எடுப்பார்கள். அது அச்சுக்கூடத்தின் அடையாளம், எடுபிடிப் பையன்களை அச்சுக்காரர்கள் அப்படித்தான் கூப்பிட்டார்கள். சற்றுத் தள்ளித் தெருவின் குறுக்கே உத்தரம் போட்ட பெயர்ப்பலகை, ஓல்டு ஸ்டார் விடுதியுடையது. 1644-இல் மார்ஸ்டன் மூர் போரில் காயம்பட்டவர்களை அதன் நிலவறையில் கிடத்தினார்கள் என்றும் அவர்களுடைய ஓலம் இன்னும் கேட்கிறது என்றும் சொல்கிறார்கள். போர் நடந்தது உண்மை, ஓலத்துக்கு விடுதி பொறுப்பு.

படமும் "பேய் காட்டும்" செயலிகளும்

ஃபிளாஷ் போட்டு எடுத்த படத்தில் வெள்ளை வெள்ளையாக உருண்டைகள் மிதந்தால், அது லென்ஸுக்குப் பக்கத்தில் இருந்த தூசி, மழைத்துளி, அல்லது உங்கள் மூச்சுப் புகை. ஃபிளாஷை அணைத்துவிட்டு இரவு முறையில், சுவரில் முழங்கையை ஊன்றி எடுங்கள். அந்த முறையில் கேமரா சில வினாடி ஒளியைச் சேர்த்துக்கொண்டே இருப்பதால், நடுவில் நடந்துபோகிறவர்கள் கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரிவார்கள். இணையத்தில் வரும் பேய்ப் படங்களில் பல இந்த ரகம்தான்.

ஆவி இருந்தால் முள் ஆடும் என்று சொல்லும் செயலிகள், போனுக்குள் திசைகாட்டிக்காக இருக்கும் காந்த உணரியைப் படிக்கின்றன. இரும்புக் கிராதி, பூமிக்கடியில் போகும் மின்கம்பி, ஏன், உங்கள் இயர்போனின் காந்தம்கூட அதை ஆட்டிவிடும். குழந்தைகளுக்கு விளையாட்டாக இருந்துவிட்டுப் போகட்டும். தொடர்புப் பட்டியலையும் மைக்கையும் கேட்கிற செயலிக்கு மட்டும் அனுமதி கொடுக்காதீர்கள்.

கிளிஃபர்ட்ஸ் டவர் ஏன் இதில் இல்லை

மேட்டின் மேல் நிற்கும் இந்தப் பழைய கோட்டைக் கோபுரத்தையும் பல செயலிகள் ஒரு பேய் நிறுத்தமாக வைத்திருக்கின்றன. சுவரில் ரத்தம் கசிகிறது என்று கதை. 1190 மார்ச் 16 அன்று, கொலைவெறிக் கும்பலுக்குப் பயந்து அங்கே இருந்த மரக்கோட்டைக்குள் ஒளிந்த யார்க் யூதர்கள் சுமார் 150 பேர் இறந்த இடம் அது. பெரும்பாலோர் கும்பலின் கையில் சிக்குவதைவிடத் தங்கள் உயிரைத் தாங்களே முடித்துக்கொண்டார்கள். இன்றைய கல்கோபுரம் 13-ஆம் நூற்றாண்டில் எழுந்தது, ஆகவே ரத்தச் சுவர்க் கதை காலத்தாலேயே பொருந்தாது. மேட்டின் அடியில் நினைவுப் பலகை இருக்கிறது. அங்கே பகலில் போங்கள், இயர்போன் இல்லாமல்.

திரும்பும் வழி

ஸ்டோன்கேட் முடியும் செயின்ட் ஹெலன்ஸ் ஸ்கொயரில் நடை முடிகிறது. அங்கிருந்து லெண்டல் தெரு, லெண்டல் பாலம் வழியாக ரயில் நிலையம் 15 நிமிடம். வெளிச்சமான பெரிய சாலை, சந்து எதுவும் இல்லை. இந்தக் கடைசித் துண்டையும் ஒரு கோப்பாகப் பதிவுசெய்து வையுங்கள், போனில் 20 சதவீதமாவது மிச்சம் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ரயில் டிக்கெட்டும் அதே போனில் இருந்தால், கிளம்பும் முன்பே அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கூட வருகிறவரின் போனுக்கும் அனுப்பிவிடுங்கள். அவசரத்துக்கு 999, அவசரமில்லாத காவல்துறை உதவிக்கு 101.